கடல் கடந்த இளந்தூதர்கள்

பிறந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரில் வாழ்தல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. இதனைப் படிக்கும் அன்பர்களுள் பலர் தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ, நாகபுரியிலோ தொழிலை முன்னிட்டுக் குடியேறியவர்கள். முதன்முறையாக அயலூர் நிலையத்தில் வண்டியை விட்டு இறங்கியபொழுது, காதில் விழுந்த மொழி ஒன்றும் விளங்காமல், கையில் முகவரித் தாளுடன் நின்ற அந்த நாழிகை அவர்கள் உள்ளத்தை விட்டு எளிதில் அகலாது. நாம் ஊரை விட்டது பிழைப்பின் பொருட்டு. அல்லது பணிமாற்றத்தின் பொருட்டு. ஆனால், ஊதியம் சிறிதுமின்றி, தம் குடும்பத்தார் செலவிலேயே, தாம் தேர்ந்தெடுக்காத ஒரு நாட்டிற்குப் பதினெட்டும் பத்தொன்பதும் நிரம்பிய இளைஞர்கள் ஆண்டுதோறும் பல்லாயிரவர் புறப்பட்டுச் செல்கின்றனர் என்றால் அது சிந்தனைக்குரிய செய்தியேயாகும். அவர்கள் மார்மன் சமயத் தூதர்கள். அவர்தம் வாழ்வு எத்தகையது, பணி எத்தகையது, அதனால் அவர்கள் பெறுவது யாது, இழப்பது யாது என்பவற்றை நாம் இங்கே ஒருவாறு ஆராய்வோம். அவர்தம் கொள்கை ஏற்கத்தக்கதா என்பது அவரவர் மனச்சான்றுக்கு உரிய வினா. அதனை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அச்சபையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1830 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஜோசப் ஸ்மித் என்னும் இருபத்து நான்கு வயது இளைஞர் இச்சபையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘மார்மன் நூல்’ என்பதை இவர்கள் விவிலியத்தோடு ஒப்பத் திருமறையாகக் கொள்கின்றனர். அந்நூலின் பெயராலேயே உலகம் இவர்களை மார்மன்கள் என்றது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். அந்த முழுப் பெயராலேயே தம்மை அழைக்க வேண்டுமென்று 2018 ஆம் ஆண்டில் சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார். எதிர்ப்பும் கலகமும் அவர்களை ஊர் ஊராகத் துரத்தின. 1844 இல் ஸ்மித் சிறையில் இருந்தபொழுதே ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். பின்னர் பிரிகாம் யங் என்பார் தலைமையில் அவர்கள் மேற்கு நோக்கி நெடும்பயணம் செய்து, 1847 ஜூலையில் உப்பேரி ஒன்றின் அருகே இருந்த வறண்ட பள்ளத்தாக்கை அடைந்தனர். அங்கே எழுந்ததே இன்றைய சால்ட் லேக் நகரம். தாமே இடம்பெயர்ந்த மக்களாகிய இவர்கள், பிறர் வாயில் தேடிச் செல்லும் வழக்கத்தைத் தொடக்க முதலே கைக்கொண்டனர். 1837 ஆம் ஆண்டிலேயே இவர்தம் தூதர் சிலர் அட்லாண்டிக் கடலைக் கடந்து இங்கிலாந்தின் லிவர்பூல் துறையில் இறங்கினர். அருகிலிருந்த பிரெஸ்டன் நகரில் ரிபிள் ஆற்றில் முதல் ஞானமுழுக்குகளை நடத்தினர்.

அந்நாளில் தூது சென்றவர் பெரும்பாலும் மணமானவர். மனைவி மக்களைப் பிரிந்து, பையில் பணமின்றி, உணவுக்கும் உறையுளுக்கும் வழியில் உள்ளோரையே நம்பிச் சென்றனர். காலப்போக்கில் இப்பொறுப்பு இளைஞர்களைச் சார்ந்தது. இன்று ஆடவர் இரண்டு ஆண்டுகளும் பெண்டிர் பதினெட்டு மாதங்களும் இப்பணியில் ஈடுபடுகின்றனர். 2012 ஆம் ஆண்டில் ஆடவர் புறப்படும் வயது 19 இலிருந்து 18 ஆகவும், பெண்டிர் புறப்படும் வயது 21 இலிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பெண்களின் எண்ணிக்கை மிகப் பெருகிற்று. 2024 ஆம் ஆண்டின் முடிவில் உலகெங்கும் போதனைப் பணியில் இருந்தோர் 74,000 பேருக்கு மேற்பட்டவர்.

இளைஞன் ஒருவன் எவ்வாறு தூதனாகிறான்? அவன் தன் ஊர்ச் சபைத் தலைவர் வாயிலாக விண்ணப்பம் செய்கிறான். உடல்நலம் பற்றி மருத்துவர் சான்று அளிக்கிறார். ஒழுக்கம் பற்றிச் சபைத் தலைவர்கள் நேரில் வினவுகின்றனர். எந்த நாட்டிற்குச் செல்ல விருப்பம் என்று எவரும் அவனைக் கேட்பதில்லை. சில வாரங்கள் கழித்துச் சபைத் தலைமையிடமிருந்து ஆணை வருகிறது. அதனை உற்றார் உறவினர் சூழ்ந்திருக்கத் திறந்து படித்தல் அவ்வீடுகளில் ஒரு விழாவைப் போன்றது. பிரேசில் என்றிருக்கலாம், பிலிப்பைன்ஸ் தீவுகள் என்றிருக்கலாம், தன் மாநிலத்திற்கு அடுத்த மாநிலம் என்றும் இருக்கலாம். எதுவாயினும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசுப் பணியில் மாற்றல் ஆணையை உறையிலிருந்து எடுத்துப் படித்த அனுபவம் உடையோர்க்கு அந்த நாழிகையின் படபடப்பை நாம் விளக்க வேண்டுவதில்லை.

அடுத்தது பயிற்சி. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் இதற்கெனப் பெரியதொரு பயிற்சி நிலையம் உண்டு. பிற நாடுகளிலும் சில உள்ளன. 1961 ஆம் ஆண்டில் அந்நகரப் பல்கலைக் கழகத்தில் தொடங்கப்பெற்ற ஒரு சிறு மொழிப் பள்ளியே பின்னர் இவ்வாறு விரிந்தது. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. புதுமொழி கற்க வேண்டியவர்க்குப் பயிற்சிக் காலம் ஏறத்தாழ 6 முதல் 9 வாரங்கள். அங்கே இலக்கண வாய்பாடு பின்னர்தான் வருகிறது. முதல் நாள் தொட்டே பிழையோடாயினும் பேச வேண்டும். வழிபாட்டையும், தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் நாலைந்து வாக்கியங்களையும் முதலில் கற்கின்றனர். ஒன்பது வாரத்தில் எந்த மொழியும் கைவந்துவிடாது. ஆயினும் நாணத்தை விட்டு வாய் திறக்கும் துணிவு வந்துவிடுகிறது. எஞ்சியதைத் தெருவும் அங்காடியும் கற்பிக்கின்றன.

பணிக்களத்தில் இவர்தம் வாழ்வு மிகுந்த கட்டுப்பாடு உடையது. ஆடவர் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிவர். மார்பில் கறுப்பு நிறப் பெயர்ப் பட்டயம் இருக்கும். அதில் பிறப்புப் பெயர் இராது. குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். ஆடவரை ‘எல்டர்’ என்றும் பெண்டிரைச் ‘சிஸ்டர்’ என்றும் அழைப்பர். எல்டர் என்னும் சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள். மீசை அரும்பும் பருவத்து இளைஞனை மூப்பர் என்று விளிப்பதில் ஒரு புன்முறுவலுக்கும் இடமுண்டு! இவர்கள் ஒருபொழுதும் தனித்துச் செல்வதில்லை. எப்பொழுதும் இருவர் இருவராகவே செல்வர். ஓர் அறையில் உறைந்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக வெளியே செல்ல வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை துணைவர் மாறுவார். துணைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இவர்க்கு இல்லை. ஒருவர் அமெரிக்கர், மற்றவர் ஆப்பிரிக்கர் என்றிருக்கலாம். ஒருவர் பேச்சுக்காரர், மற்றவர் வாய் திறவாதவர் என்றிருக்கலாம். பணியிலிருந்து மீண்ட பலர், வீடு வீடாகச் செல்வதைவிட ஒரே அறையில் இணங்கி வாழக் கற்றதே கடினமான பாடம் என்பர்.

காலை 6.30 மணிக்குத் துயிலெழுதல்; சிறிது உடற்பயிற்சி; பின் மறைநூற் படிப்பும் மொழிப் படிப்பும்; முற்பகலில் வெளியே புறப்பட்டால் இரவு 9 மணி வரை நடையும் மிதிவண்டியும்; 10.30 மணிக்கு விளக்கணைத்தல். நெடுங்காலம் எல்லா நாட்டிற்கும் பொதுவாக இருந்த இவ்வொழுங்கு, 2017 முதல் அந்தந்த நாட்டு வழக்கத்திற்கேற்பச் சற்று நெகிழ்த்தப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அன்று துணி துவைத்தல், கடைக்குச் செல்லுதல், வீட்டிற்கு மடல் எழுதுதல் ஆகியவை நடைபெறும். காதற் பேச்சு கூடாது, தொலைக்காட்சி கூடாது, நீந்துதலும் கூடாது. இச்சபையார் அனைவரையும் போல மதுவையும் புகையிலையையும் இவர்கள் தொடார். தேநீரும் காப்பியும் அருந்தார். வந்தவரை அமரச் செய்து ஒரு குவளை காப்பி அளித்த பின்பே பேச்சைத் தொடங்கும் வீடுகள் நம்முடையவை. அத்தகைய வீட்டில், அன்போடு நீட்டிய குவளையை அன்பு குறையாமல் மறுத்தல் ஒரு தனிக் கலையேயாகும்.

செலவு எவ்வாறு? முற்காலத்தில் அனுப்பப்பட்ட நாட்டின் விலைவாசிக்கேற்ப ஒவ்வொரு குடும்பமும் செலவை ஏற்றது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை செலவு மிகுந்த நகரத்திற்கு அனுப்பப்பட்டால் பெற்றோர் துன்புற்றனர். 1991 முதல் எல்லாரும் ஒரே தொகையைச் செலுத்தும் முறை வந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் மாதந்தோறும் செலுத்திவந்த 400 டாலர் 2020 ஜூலையில் 500 டாலராக உயர்த்தப்பட்டது. ஏழை நாடுகளிலிருந்து செல்வோர்க்குச் சபையின் பொது நிதி துணை செய்கிறது. பிள்ளைகள் சிறு வயது முதலே இதற்கென உண்டியலில் காசு சேர்த்தல் அவ்வீடுகளில் வழக்கம்.

இவ்வளவும் வெளித்தோற்றம். உள்ளே நிகழும் போராட்டத்தை அறிய வேண்டுமாயின் ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காணுதல் நன்று. 1933 ஆம் ஆண்டு. உலகெங்கும் பொருளாதார மந்தம். கார்டன் ஹிங்க்லி என்னும் இருபத்து மூன்று வயது இளைஞர் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். மூன்றாண்டுகளுக்கு முன்பு காலமான அவருடைய தாயார், மைந்தர்களின் தூதுப் பணிக்கென்று சில்லறைக் காசுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அப்பணமும் அவர் பயணத்திற்கு உதவிற்று. அவர் முதலில் சென்றது மேலே நாம் குறித்த பிரெஸ்டன் நகரம். அங்கே அவர் பேச்சைக் கேட்பார் இல்லை, கதவுகள் சாத்தப்பட்டன, உடல்நலமும் குன்றிற்று. தம் காலமும் தந்தையின் பணமும் வீணாகின்றன என்று அவர் தந்தைக்கு எழுதினார். தந்தையிடமிருந்து மிகச் சுருக்கமான விடை வந்தது. உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்பதே அதன் சாரம். இளைஞர் அம்மடலைக் கையில் வைத்துக்கொண்டு தம் அறையில் முழந்தாளிட்டார். அன்று முதல் தம்மைப் பற்றிய கவலையை விடுவதாக உறுதி பூண்டார். தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதற்கும் அந்த நாளே அடிப்படை என்று அவர் பின்னர்ப் பலமுறை கூறியுள்ளார். 1995 முதல் 2008 இல் மறையும்வரை அவரே அச்சபையின் தலைவராக விளங்கினார்.

வெளிநாட்டில் உள்ள மகன் “இங்கே ஒன்றும் சரியில்லை” என்று எழுதும் மடலைப் பெறாத தாய் தந்தையர் அரியர். “உடனே வந்துவிடு” என்று எழுதுவதா, “பொறுத்திரு” என்று எழுதுவதா என்பது எந்தக் குடும்பத்திற்கும் எளிய வினா அன்று. ஹிங்க்லியின் தந்தை எழுதியது அவர் மகனுக்குப் பொருந்திற்று. ஆனால் எல்லா இளைஞர்க்கும் அது பொருந்தும் என்று கூறுவதற்கில்லை. நோயாலோ மனத்தளர்ச்சியாலோ காலம் முடியுமுன் திரும்பி வருவோரும் உளர். ஊரார் முகத்தில் விழிக்க அஞ்சி அவர்கள் பட்ட வேதனையைச் சபையும் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. நெடுங்காலமாக ஆண்டிற்கு இருமுறை, அதாவது கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் நாள் அன்றும் மட்டுமே வீட்டோடு தொலைபேசியில் பேச இசைவு இருந்தது. 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேசலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. தொலைவில் உள்ள பிள்ளையின் குரலை வாரம் ஒருமுறை கேட்டல் எத்துணை ஆறுதல் என்பதை அயலூரில் வாழும் நாம் நன்கு அறிவோம்.

ஆபத்துகளும் இல்லாமல் இல்லை. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட மிட் ராம்னி, 1966 முதல் 1968 வரை பிரான்சு நாட்டில் இத்தகைய தூதராக இருந்தார். திராட்சை மதுவை உணவின் ஒரு பகுதியாகவே கருதும் நாட்டில் மதுவைத் தொடாதீர் என்று கூறும் பணி எளிதாக இராது என்பது வெளிப்படை. 1968 ஜூன் மாதத்தில் அவர் ஓட்டிச் சென்ற வண்டியின் மீது எதிரே வந்த வண்டி ஒன்று மோதிற்று. அவ்விபத்தில் அப்பகுதித் தூதர்களுக்குத் தலைவராக இருந்தவரின் மனைவி உயிர் நீத்தார்; ராம்னி படுகாயமுற்றார். இருபத்தொரு வயதில் அத்துயரைச் சுமந்துகொண்டே அவர் எஞ்சிய மாதங்களையும் அங்கே கழித்தார்.

இனி, பசிபிக் பெருங்கடலுக்குச் செல்வோம். டோங்கா என்பது தீவுக் கூட்டமாகிய ஒரு சிறு முடியரசு. 1918 முதல் 1965 வரை சலோட்டே என்னும் அரசியார் அதனை ஆண்டார். ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்த அந்நாடு 1970 இல் முழு உரிமை பெற்றது. மார்மன் தூதர்கள் முதன்முதல் அங்கே கால் வைத்தது 1891 இல். வரவேற்பு இன்மையால் சில ஆண்டுகளில் திரும்பிவிட்டனர். மீண்டும் வந்தபின், 1922 இல் அவர்தம் நுழைவைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு 1924 இல் நீக்கப்பட்டது.

இத்தகைய நாட்டிற்கு 1954 ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டார் ஜான் குரோபர்க் என்னும் இருபது வயது இளைஞர். அவர் ஊர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், கடலிலிருந்து நெடுந்தொலைவு. டோங்காவை அடையவே அவருக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அங்கிருந்தும் அவரை நியூவாதொபுதாபு என்னும் தீவிற்கு அனுப்பினர். தலைநகருக்கு வடக்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சிறு தீவு அது, மின்விளக்கு இல்லை, எப்பொழுதோ வரும் படகு ஒன்றே வெளியுலகத் தொடர்பு. துணைவராக வாய்த்தவர் டோங்கா நாட்டு இளைஞர். முதற்கண் மொழியைக் கற்க வேண்டும் என்பதே மேலோர் அவருக்கு இட்ட கட்டளை.

அவருக்கோ அம்மொழி வசப்படவில்லை. குழந்தைகளும் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தனர். இறுதியில் அவர் ஆங்கில விவிலியத்தையும் டோங்கா விவிலியத்தையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, குடிலை விட்டு வெளிவராமல் நாட்கணக்கில் வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தார். அதன் பின்னரே ஒலிகள் சொற்களாகப் பிரிந்து அவர் காதில் விழத் தொடங்கின.

டோங்கா மொழியைப் பற்றி இங்கே ஒரு செய்தி கூறுதல் பொருத்தமாகும். ஆங்கிலத்தில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் சொல் ஒன்றே, இந்தியிலும் அவ்வாறே. தமிழில் கேட்போரையும் உளப்படுத்தினால் நாம். அவரை விலக்கினால் நாங்கள். மராத்தியும் குஜராத்தியும் வழங்கும் ஊர்களில் வாழும் அன்பர்கள் இவ்வேறுபாட்டை அங்கும் கண்டிருப்பர். டோங்கா மொழியும் இதனை வழுவாமல் போற்றுகிறது. அதற்கு மேலும், இருவர்க்கு ஒரு சொல், பலர்க்கு ஒரு சொல் என்றும் பிரிக்கிறது. மேலும் அரசர்க்கு உரிய சொற்கள் வேறு, பெருமக்கட்கு உரியவை வேறு, பொதுமக்கட்கு உரியவை வேறு. ஆகவே ஆங்கிலம் பேசும் இளைஞன் அங்கே வாய் திறக்குமுன், தன் எதிரே இருப்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறானா விலக்குகிறானா என்பதை ஒவ்வொரு முறையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இலக்கணம் கேட்கும் இவ்வினா, வந்தேறியாக வாழும் எவரையும் வாழ்க்கையும் கேட்கும் வினாவன்றோ?

அத்தீவில் அவர் பட்ட துன்பங்கள் பல. உறங்கும்பொழுது எலிகள் அவர் உள்ளங்காலின் தோலைக் கடித்துத் தின்றன. நடக்கவும் முடியாமல் அவர் படுத்தார். பின்னர்ப் பெரும்புயல் ஒன்று வந்தது. வீடுகள் சாய்ந்தன; பயிர்களும் மரங்களின் விளைவும் அழிந்தன. வரவேண்டிய உணவுப் படகு வாரக்கணக்கில் வரவில்லை. இருந்ததைப் பங்கிட்டு உண்டனர். பின்னர் பங்கிடவும் ஒன்றும் இல்லை. உடல் மெலிந்து, எழுந்து நிற்கும் வலிமையும் இழந்து, ஊராரோடு ஊராராக அவரும் கிடந்தார். படகு வந்த பின்பே அத்தீவு பிழைத்தது. போதிக்க வந்தவர், அந்நாட்களில் அம்மக்களின் பொறுமையையும் பகுத்துண்ணும் பண்பையும் தாமே கற்றவரானார். அவரைப் பேணியவர்களுள் அவர் சபையைச் சேராதவரும் இருந்தனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து 1957 இல் அவர் நாடு திரும்பினார். அத்தனை காலமும் மடல்களாலேயே தொடர்பு கொண்டிருந்த பெண்ணை மணந்தார். 1966 இல் அவ்விருவரும் குழந்தைகளோடு டோங்காவிற்கே மீண்டு சென்று, அங்குள்ள தூதர்களுக்குத் தலைமை தாங்கினர். தம் இளமைக் கால அனுபவங்களை அவர் 1993 இல் நூலாக எழுதினார். 2001 இல் அது திரைப்படமாகவும் வந்தது. டோங்காவின் 2021 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டு மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் அளவு இச்சபையைச் சேர்ந்தவர். அவர்களுள் பலர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் குடியேறி வாழ்கின்றனர். ஒருகாலத்தில் அங்கிருந்து இங்கு வந்த இளைஞன் மொழியறியாமல் தடுமாறினான். இன்று இங்கிருந்து அங்குச் சென்ற குடும்பங்கள் அதே தடுமாற்றத்தை அடைந்து மீண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டிற்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு இடம் உண்டு. 1852 ஆம் ஆண்டு சால்ட் லேக் நகரில் கூடிய பேரவையில் நூற்றுக்கு மேற்பட்டோர் உலகின் பல திசைகளுக்கும் தூதராக அறிவிக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு குழுவினர் 1853 இல் கல்கத்தாவை அடைந்தனர். அக்குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் துணைவருடன் சென்னைக்கு வந்தார். சால்ட் லேக் நகரில் 1849 இல் சிறுவர்க்கென ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவரே. சென்னையில் ஓராண்டளவு தங்கி, ஒரு சிறு திங்களிதழும் வெளியிட்டார். ஆயினும் அவர்தம் முயற்சி பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த ஐரோப்பியரிடையே நின்றுவிட்டது. பலதார மணத்தை அச்சபை 1852 இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தமையால் எங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில ஆண்டுகளில் அனைவரும் திரும்பினர். 1890 இல் சபை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இந்தியாவில் அதன் பணி நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாகும். மார்மன் நூலின் சில பகுதிகள் 1982 இல் தமிழில் வெளிவந்தன. 1993 இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பணிக்களம் அமைக்கப்பட்டது. சென்னை மண்ணில் மொழி கல்லாமல் நின்ற முயற்சியையும், டோங்காத் தீவில் மொழி கற்று நிலைத்த முயற்சியையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை விளங்கும்: ஒரு மக்களின் மொழிக்குள் நுழையாதவன் அவர்தம் வீட்டிற்குள்ளும் நுழைவதில்லை.

இத்தூதுப் பணியின் மீது கூறப்படும் குறைகளையும் மறைக்க வேண்டுவதில்லை. பிறர் வாயிலில் நின்று, உம் முன்னோர் நெறியினும் எம் நெறி சிறந்தது என்று கூறுதல் பலர்க்கு உவப்பளிப்பதன்று; பல தலைமுறையாக ஒரு வழியில் நிற்கும் சமுதாயத்தில் அது பிளவை உண்டாக்கும் என்பர். ஆப்பிரிக்க வழியினரான கறுப்பின ஆடவர்க்கு அச்சபை 1978 வரை குருத்துவத்தை மறுத்து வந்ததும் வரலாறு; அத்தடை நீங்கிய பின்னரே மேற்கு ஆப்பிரிக்காவிற்குத் தூதர்கள் முறையாகச் சென்றனர். நம் நாட்டு அரசியலமைப்பு தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. அவ்வுரிமை பிறரை மதமாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977 இல் தீர்ப்பளித்தது. கேட்போர் விரும்பாதபொழுது வணங்கி விலகுதலே இப்பணிக்கு உரிய எல்லை.

மறுபுறம், இவ்விளைஞர்கள் போதனையோடு நிற்பதில்லை என்பதையும் கூற வேண்டும். வாரந்தோறும் சில மணி நேரம் பொதுத் தொண்டிற்கென ஒதுக்கப்படுகிறது. ஆங்கிலம் கற்பித்தல், முதியோர் வீட்டைத் துப்புரவு செய்தல், வெள்ளமும் புயலும் தாக்கிய ஊர்களில் சேற்றை அகற்றுதல் ஆகியவற்றில் அவர்களைக் காணலாம். 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபொழுது பல்லாயிரவர் தத்தம் நாட்டிற்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். வாயில்கள் யாவும் அடைபட்ட அக்காலத்தில், உணவுக் கிடங்குகளில் பொட்டலம் கட்டுதலே பலருடைய தூதாயிற்று.

இரண்டாண்டு முடிவில் இளைஞன் வீடு திரும்புகிறான். எண்ணிக்கையில் பார்த்தால் அவன் செய்தது சிறிதாக இருக்கலாம். ஐரோப்பிய நகரங்களில் ஒருவரையும் தம் சபையில் சேர்க்காமல் திரும்புவோர் பலர். ஆனால் சென்றவனும் வந்தவனும் ஒருவன் அல்லன். வேறொரு மக்களின் உணவை உண்டு, அவர்தம் மொழியில் கனவு கண்டு, மறுப்பைக் கேட்டுப் பழகியவன் அவன். விமான நிலையத்தில் தாய் அவனைத் தழுவிக்கொள்ளும்பொழுது அவன் வாயில் முதலில் வரும் சொல் சில வேளை அயல்மொழிச் சொல்லாகவே இருந்துவிடுகிறது. நெடுநாள் கழித்து ஊருக்குச் செல்லும்பொழுது “உங்கள் தமிழே மாறிவிட்டதே” என்று உறவினர் கூறக் கேட்ட நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது.

அவனிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது சமயம் அன்று. குறித்த காலம் வரையேனும், வந்த ஊரைத் தன் ஊராகக் கருதி அதன் மொழியைப் பணிவோடு கற்கும் அவன் முயற்சியே நாம் கொள்ளத்தக்கது. பத்தாண்டும் இருபதாண்டும் அயல் மாநிலத்தில் வாழ்ந்தும், காய்கறி வாங்கும் அளவிற்கு மேல் அவ்வூர் மொழியைக் கல்லாதவர் நம்மிடையே உளர். ஒன்பது வாரப் படிப்போடு ஒரு சிற்றூரின் வாயிலில் நின்று, பிழைபட்ட வாக்கியத்தால் நலம் விசாரிக்கும் அந்த இளைஞன் நமக்கு ஒரு கேள்வியாக நிற்கிறான். அண்டை வீட்டாரைக் குறிக்கும்பொழுது நாம் எந்தச் சொல்லை வழங்குகிறோம்? அவரை விலக்கி ‘நாங்கள்’ என்கிறோமா, அவரையும் உளப்படுத்தி ‘நாம்’ என்கிறோமா? இன்று மாலை அண்டை வீட்டின் கதவைத் தட்டி, அவர் மொழியிலேயே இரண்டு சொல் பேசிப் பார்ப்போமாயின், அதற்குரிய விடையை நாமே அறிந்துகொள்வோம்.